பாலத்துக்கு அந்தப் பக்கம்

4 மார்ச், செவ்வாய்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் நலம் என்று எழுதினால் அது பொய். நீங்கள் நலமா என்று கேட்டால் அதைவிடப் பெரிய பொய். இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம், நடுவில் என் மகளுக்குத் தலை வெடிக்கிறது. நேற்று சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தவள், "இனிமே எது சொல்றதா இருந்தாலும் எழுதிக் குடுங்க. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டுபோய்க் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். நடந்தால் ஆறு நிமிஷம். அதற்கு ஒரு தபால்காரி. இருக்கட்டும், அவளும் படிக்கட்டும்.

படகை வாங்கியவன் நான். எட்டு மீட்டர் நீளம், இருபத்தாறு வயது, இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, பூட்டும் சாவியும் உள்ள ஒரு கதவு. விற்ற பல் டாக்டர் அதை மூன்று வருஷமாகத் தொட்டதே இல்லை. என்ஜினை நானே பிரித்து மாட்டினேன். நான்கு நாள் ஆற்றில் தனியாக ஓட்டி வந்தேன். வழியில் ஏழு தண்ணீர்க் கதவுகள், ஒரு மணல்திட்டு, குடித்துவிட்டுக் குறுக்கே வந்த ஒரு துடுப்புப் படகுக்காரன். ஒரு கீறல் இல்லை. கடைசியில் ஆற்றை விட்டுக் கால்வாய்க்குள் திரும்பினால், நம் தெருப் பாலம். உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத் துறை கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டு மாதம் முன்பு படகையும் பாலத்தையும் அளந்தவர் நீங்கள். "மூணு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கு மாமா, தாராளமா போகும்" என்றவரும் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சட்டை போட்டுப் பாலத்தின் நடுவில் நின்று "வாங்க வாங்க" என்று கையை ஆட்டியவரும் நீங்கள்தான். வந்தேன். பாலத்தின் இரும்பு விட்டம் கூரையின் முன்பக்கத்தைப் பிளந்துகொண்டு போனது. கண்ணாடி என் நெற்றியில் இறங்கியது. நான்கு தையல். சர்வேயராம், அரசாங்கமே உங்கள் அளவை நம்பி ஊருக்கு எல்லைக்கல் நடுகிறதாம்!

நான் உங்கள் வீட்டுப் பின்னறைக்குத் திரும்பி வரமாட்டேன். "இவரு இன்னும் எவ்வளவு நாளைக்கு இங்கயே இருக்கப் போறாரு?" என்று நீங்கள் அவளிடம் கேட்டது சமையலறைச் சுவரைத் தாண்டி என் காதுக்கு வந்தது. வீட்டோடு மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டோடு மாமனார் என்று நான் ஒருவன்தான் இருந்திருப்பேன். அதனால்தான் படகு. அதைத்தான் இடித்து வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் மனைவியின் அப்பா


6 மார்ச்

மாமாவுக்கு,

நெற்றியில் தையல் போட்டதற்கு வருத்தம். இது மட்டும் மனதார எழுதுவது. மற்றதெல்லாம் பதில்.

நீரிலிருந்து பாலத்தின் விட்டம் வரை 243 சென்டிமீட்டர். பல் டாக்டரின் துறையில் படகின் உச்சி, நீரிலிருந்து 240. மூன்று தடவை அளந்தேன், இரண்டு கருவியில். இந்தக் கால்வாயில் தண்ணீர் மட்டம் விரல்கடை கூட மாறாது. அப்படியானால் மாறியது படகு.

நேற்று பல் டாக்டருக்குப் போன் செய்தேன். "பெரியவர் அடித்தட்டுப் பலகையைத் தூக்கி அதுக்குக் கீழ இருந்த இரும்பையெல்லாம் வெளிய எடுத்தாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்று அவர் என்னைக் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? அது படகின் அடிபாரம் மாமா. படகு ஆடாமல் உட்காருவதற்காகக் கட்டியவன் வைத்தது. எடுத்தால் படகு மிதந்து மேலே வரும். முப்பத்தொரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு, எடையைக் கழற்றினால் பெட்டி மேலே போகும் என்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கை ஆட்டியதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

நீங்கள் சுவர் வழியாகக் கேட்டதை நான் சொன்னது உண்மை. மறுக்கவில்லை. அன்று நீங்கள் மூன்றாம் தடவையாகக் குளியலறைக் கதவைக் கழற்றிக் கூடத்தில் சாய்த்து வைத்திருந்தீர்கள். நான் துண்டைக் கட்டிக்கொண்டு என் அலுவலகத்து மேலதிகாரிக்கு முன்னால் ஓட வேண்டியிருந்தது. "கதவு ரெண்டு மில்லி சாஞ்சிருந்துச்சு, அளக்கறவர் வீட்லயே இப்படி" என்று அவரிடம் வேறு சொன்னீர்கள். அதற்குப் பிறகும் ஒருவன் எதுவும் கேட்காமல் இருந்தால் அவன் மனுஷன் இல்லை, மரம்.

உங்கள் மகள் என்னோடு பேசுவதில்லை. "சாப்பாடு மேஜையில இருக்கு" என்பதைக்கூடச் சுவரிடம் சொல்கிறாள். தன் அப்பாவைக் கையாட்டி இரும்பில் மோதவிட்டவன் என்கிறாள். வரவேற்பறை சோபாவில் படுக்கிறாள். இதைப் படிக்கும்போதும் என் எதிரில்தான் நிற்பாள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் கணவன்


9 மார்ச்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஆமாம், எடுத்தேன். அறுபத்திரண்டு துண்டு. துருவும் எண்ணெயும் எலிப்புழுக்கையும் ஒட்டிய இரும்பு. அதன் மேல் பலகை போட்டு, பலகை மேல் படுக்கை போட்டுப் படுக்க வேண்டியவன் நான். உங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வீர்களா? பழைய இரும்புக்காரன் வண்டி அன்றே வந்தது, ஏற்றி அனுப்பினேன். தண்ணீர்த் தொட்டியில் பாசி நாறியது, அதையும் காலி செய்தேன். சுத்தம் செய்வது குற்றம் என்று நீங்கள்தான் முதலில் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

எடையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். லிப்டில் கூடுதல் பாரம் என்றால் இறக்கு என்பதுதான் முதல் பாடம். தண்ணீரில் அது தலைகீழ் என்று எனக்கு எவன் சொன்னான்? நீங்கள் அளந்தீர்களே, "இதுல எதையும் எடுக்காதீங்க மாமா" என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? உங்கள் வாயிலிருந்து எண்தான் வரும், பேச்சு வராது. தும்பை விட்டுவிட்டு இப்போது வாலைப் பிடித்துக்கொண்டு 243, 240 என்கிறீர்கள்.

நேற்று கால்வாய் அலுவலகத்துப் பெண் ஒருத்தி வந்தாள். நான் கட்டியிருக்கும் இடம் சுற்றுலாப் படகுகளின் துறையாம். முப்பதாம் தேதிக்குள் எடுக்காவிட்டால் கரையில் தூக்கிப் போட்டு உடைத்துவிடுவார்களாம். திரும்பி ஆற்றுக்குப் போகலாம் என்றால் அங்கே எனக்கு யார் துறை வைத்திருக்கிறார்கள்? என் பெயருக்கு உரிமச் சீட்டு இருப்பது உங்கள் கொல்லைப்புறத்தில் மட்டும்தான். அதுவும் அவள் அலைந்து வாங்கியது.

சுற்றுலாக்காரர்கள் ஒரு நாளைக்கு ஐந்து தடவை என்னைப் படம் பிடிக்கிறார்கள். கிழிந்த கூரைக்கு நீலப் பிளாஸ்டிக் தாள், கொடியில் என் காலுறை, நெற்றியில் பஞ்சு. வழிகாட்டிப் பையன் மைக்கில் என்ன சொல்கிறானோ, எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் கை காட்டுகிறேன். வேறென்ன செய்வது?

இதை உதவி கேட்டு எழுதவில்லை. தெரிவித்தேன், அவ்வளவுதான்.


11 மார்ச்

மாமாவுக்கு,

கணக்குப் போட்டேன். நீங்கள் எடுத்த எடையால் படகு ஆறு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கூரை ஒரே வார்ப்பு, கழற்ற முடியாது. ஆகவே படகைத்தான் தாழ்த்த வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 160 கிலோ. மூன்றரை சென்டிமீட்டர் போதும். இருநூறு லிட்டர் பீப்பாய் மூன்று, கால்வாய்த் தண்ணீரையே உள்ளே இறைத்து நிரப்பலாம். பாலத்தைத் தாண்டியதும் கொட்டிவிடலாம். பீப்பாய்களுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். 23, ஞாயிறு காலை பத்து மணி.

நான் பாலத்திலும் நிற்க மாட்டேன், படகிலும் கால் வைக்க மாட்டேன். கரையிலிருந்து பார்ப்பேன்.

முப்பதாம் தேதி படகை உடைத்தால் நீங்கள் பின்னறைக்கு வரவேண்டியிருக்கும். இதைச் செய்வதற்கு என் காரணம் அதுதான். ஒளிக்கவில்லை.


15 மார்ச்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் தடவையாக நமக்குள் ஒற்றுமை.

பீப்பாய்களைக் கட்டாமல் வைத்தால் உருண்டு படகையே கவிழ்க்கும். எண் தெரிந்த உங்களுக்கு இது தெரியாது. நான் மரக்கட்டை அடித்து, நைலான் பட்டையால் இறுக்கிவிட்டேன். மூன்று போதாது, நான்கு வேண்டும் என்று என் கை சொல்கிறது. நான்காவதை வைக்க உள்ளே இடமில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. பார்க்கலாம்.

பின்னறை அலமாரியில் என் ஸ்பேனர் செட் இருக்கிறது. அவளிடம் கொடுத்து அனுப்புங்கள். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் உங்கள் கார் டிக்கியில் இருக்கும். போன வருஷம் இரவல் வாங்கியவர் நீங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அவள் படித்தாலும் பரவாயில்லை. உங்கள் அத்தை போன பிறகு, நாங்கள் குடியிருந்த கட்டடத்தையும் இடித்த பிறகு, இரண்டு வருஷம் உங்கள் வீட்டில் இருந்தேன். ஒரு நாளும் என் கையில் சாவி இருந்ததில்லை. வெளியே போய்த் திரும்பினால், அவள் வேலையிலிருந்து வரும்வரை வாசலில் நிற்பேன். நீங்கள் கொடுக்கவில்லை, நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். கேட்க வேண்டியிருந்ததே, அதுதான். அறுபத்துநான்கு வயதில் கதவு பழுது பார்ப்பவனுக்கு ஒரு கதவு வேண்டும் என்று தோன்றியது. இதைச் சிரிக்க நினைத்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.


24 மார்ச்

மாமாவுக்கு,

நேற்று நான் படகில் ஏறியதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பீப்பாய் மூன்றும் நிரம்பிய பிறகும் கூரைக்கும் விட்டத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. உங்கள் மகள் ஏறினாள். அப்போதும் போதவில்லை. அவள் "ஏறு" என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். தொண்ணூற்றாறு கிலோ தேவைப்பட்டது, என்னிடம் இருந்தது. எடையாக வந்தேன், உறவாக வரவில்லை.

நீங்கள் "குனிங்க! தலைய உள்ள இழுங்க! சர்வேயரே, அதான் உங்க கணக்கு, நல்லா மோந்து பாருங்க!" என்று கத்தியது கரையில் நின்ற முப்பது பேருக்கும் கேட்டது. விட்டத்தின் துரு என் முதுகுச் சட்டையைக் கிழித்துவிட்டது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் போனோம். பீப்பாய் நான்கு வேண்டும் என்று நீங்கள் எழுதியது சரி. இதை எழுதாமல் விட்டிருப்பேன், அவள் படிப்பாள் என்பதால் எழுதுகிறேன்.

படகு கொல்லைப்புறத்தில் நிற்கிறது. சமையலறை ஜன்னலிலிருந்து இருபது அடி. துறையைத் தாண்டி என் வீட்டுக்குள் எந்தக் கதவையும் பழுது பார்க்க வரவேண்டாம்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் இருபத்தொரு நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "அன்னைக்கே ஒழுங்கா நின்னு, நிறுத்துங்கன்னு கை காட்டியிருந்தா அப்பாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஏன் செய்யல?" என்றாள். சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுபடியும் சோபாவில்தான் படுத்தாள்.


27 மார்ச்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இதை அவள் கையில் கொடுக்கவில்லை. அவள் வேலைக்குப் போன பிறகு உங்கள் வாசல் கதவின் இடுக்கில் நானே போடுகிறேன். கிழித்துப் போடுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம்.

"சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்" என்று நீங்கள் எழுதியதை நான்கு தடவை படித்தேன். பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

லிப்ட் பெட்டியைத் தளத்தோடு மயிரிழை சமமாக நிறுத்துவதுதான் என் தொழிலாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் கண்ணால் பார்த்தே சொல்வேன். அன்று பாலத்துக்கு இரண்டு படகு நீளம் இருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கூரை இடிக்கும் என்று. கியர் கம்பியில் கை வைத்திருந்தேன். நீங்களும் பார்த்துவிட்டீர்கள். "வாங்க வாங்க" என்று ஆடிய கை நின்றது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி நிறுத்தச் சொன்னீர்கள். வாயைத் திறந்து கத்தினீர்கள். என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை, ஆனால் கை தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது.

நான் கம்பியை முன்னால் தள்ளினேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். கேட்பீர்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் உங்கள் துறையில் தெரு முழுக்க நிற்கிறது, அவள் நிற்கிறாள், உங்கள் மேலதிகாரி நிற்கிறார். அங்கிருந்து பார்த்தால் உங்கள் முதுகுதான் தெரியும், முன்னால் நீட்டிய கை தெரியாது. இடிக்கட்டும், இவருடைய அளவு எப்படி என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்துக்கு எனக்கு வீடு வேண்டாம், நீங்கள் தோற்றால் போதும் என்று இருந்தது. பிறகு அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே "அவரு ஏம்பா நிறுத்தல?" என்றாள். "வாங்க வாங்கன்னாரே" என்றேன். முதல் பாதி உண்மைதான். அந்தப் பாதியை வைத்தே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை நேரில் சொல்ல முடியாது. நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அல்லது நான் படகை அவிழ்த்துக்கொண்டு எங்காவது போய்விடுகிறேன். எது என்று நீங்களே சொல்லுங்கள்.


28 மார்ச்

மாமாவுக்கு,

எனக்குத் தெரியும்.

பாலத்தின் மேலிருந்து படகின் பின்பக்கம் தெரியும். நிறுத்தப் போகிற என்ஜின் அப்படிக் கரும்புகை விடாது. புகையைப் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. எத்தனையோ தடவை அதை எழுத உட்கார்ந்தேன், கிழித்துப் போட்டேன். அவள் படிப்பாள் என்பதால்.

உங்கள் மேல் இரக்கப்பட்டு மறைத்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. நான் சொல்லி, அவள் உங்களிடம் வந்து கேட்டு, நீங்கள் இல்லை என்று சொன்னால் அவள் யாரை நம்புவாள்? பதினோரு வருஷமாக அவளோடு வாழ்கிறேன். இதற்கு விடை எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. அதனால் என் மேல் பழியே இருக்கட்டும் என்று விட்டேன்.

படகை எங்கும் கொண்டுபோக வேண்டாம். நீங்கள் போனால் அதற்கும் நான்தான் காரணம் என்பாள். சொல்வதாக இருந்தால் நீங்களே சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

உங்களை மன்னித்துவிட்டதாக எழுத வேண்டும்போல இருக்கிறது. வரவில்லை.


2 ஏப்ரல்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பாடு கொண்டுவந்தபோது சொல்லிவிட்டேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "அவரு கைய நீட்டினது உங்களுக்குத் தெரிஞ்சுதாப்பா?" என்று ஒன்றே ஒன்று கேட்டாள். "தெரிஞ்சுது" என்றேன். பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டுப் போவது நீங்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் செருப்புச் சத்தம் தெரியும். உப்பு வேறு குறைவு. அவள் சமைத்தது இல்லை.

சோபா காலி என்று நினைக்கிறேன். வரவேற்பறையில் விளக்கு எரிவதில்லை. நல்லது. உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, எனக்கும்தான்.

கூரையை ஒட்டிவிட்டேன். புதுக் கண்ணாடி மாட்டியாயிற்று. கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டேன், சத்தமே வராமல் திறக்கிறது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. மூன்று நாளாகக் காலையிலிருந்து இந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருவரும் தட்டவில்லை.

அவள் இப்போதைக்கு வரமாட்டாள். நாளைக்குச் சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு ஓடாமல், நீங்களாவது தட்டுங்கள். சண்டை போட வந்தாலும் சரி.